மழைக்காலத்தில் நத்தையிடமிருந்து நாற்றைக் காப்பாற்றுவது எப்படி?

சாயங்காலம் நட்ட கத்தரி நாற்று காலையில் வெறும் குச்சியாக நிற்கிறதா? உடனே வேப்பெண்ணெய் பாட்டிலைத் தேடாதீர்கள். முதலில் தொட்டியின் விளிம்பையும் பக்கத்துச் சுவரையும் வெளிச்சத்தில் சாய்ந்து பாருங்கள். காய்ந்த பசை போல மினுமினுக்கும் கோடு தெரிந்தால் வந்துபோனது நத்தை. கோடு எதுவும் இல்லாமல், இலைக்குக் கீழே சின்னச் சின்னக் கரும்பச்சை உருண்டைகள் கிடந்தால் அது புழுவின் வேலை, அதற்கு வைத்தியம் வேறு.

நம் ஊர்த் தோட்டங்களில் பெரிய சேதம் செய்வது ராட்சத ஆப்பிரிக்க நத்தை. கூம்பாக நீண்ட பழுப்பு ஓடு, அதில் தீற்றல் தீற்றலாகக் கோடுகள். 1847-ல் பென்சன் என்பவர் மொரிஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து ஒரு தோட்டத்தில் விட்டதிலிருந்து இந்தியாவில் இதன் கதை தொடங்குகிறது. இதில் ஆண், பெண் என்று தனித்தனியாகக் கிடையாது, அதனால் வளர்ந்த நத்தை எதுவாக இருந்தாலும் முட்டையிடும், அதுவும் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில். வெயில் காலத்தில் ஓட்டின் வாயை வெள்ளைச் சவ்வால் அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும், ஐப்பசி மழை இறங்கியதும் வெளியே வரும். ஓடு இல்லாத நத்தையும் கூடவே வரும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

முதலில் தண்ணீர் ஊற்றும் நேரத்தை மாற்றுங்கள். மாலையில் ஊற்றினால் ராத்திரி முழுக்க மண் ஈரமாக இருக்கும், நத்தைக்கு அதைவிட வசதி வேண்டாம். காலையில் ஊற்றுங்கள்.

அடுத்து, பகலில் அவை ஒளியும் இடங்களைக் காலி செய்யுங்கள். செங்கல் அடுக்கு, உடைந்த ஓடு, தென்னை மட்டை, குரோ பேக்கின் அடிப்பக்கம், இதெல்லாம்தான் அவற்றுக்கு வீடு. தொட்டி ஓரத்து மண்ணை விரலாழத்துக்குக் கிளறினால் ஊறவைத்த ஜவ்வரிசி போல வெளிர்மஞ்சள் முட்டைகள் கொத்தாகக் கிடைக்கலாம். ஒரு கொத்தை எடுத்து அழித்தாலே பல நாள் அலைச்சல் மிச்சம், ஏனென்றால் விட்டால் ஓரிரு வாரத்தில் பொரிந்துவிடும்.

இப்போது முக்கியமான வேலை, கையால் பொறுக்குவது. கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. இருட்டிய பிறகு, மழை விட்ட நேரமாகப் பார்த்து, டார்ச்சும் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். வாளியில் லிட்டருக்கு 200 கிராம் கணக்கில் கல் உப்பைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். பப்பாளி, செண்டுமல்லி, கீரைப் பாத்தி, ஈரச் சுவர் என்று வரிசையாகப் பாருங்கள், இலையின் அடிப்பக்கத்தை மறக்காதீர்கள். வெறுங்கையால் தொடவே கூடாது, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணிப் புழு இந்த நத்தைக்குள் இருக்கலாம். கையுறை போடுங்கள், இல்லையென்றால் பழைய இடுக்கி போதும். செத்தவற்றை மறுநாள் உப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, செடியை விட்டுத் தள்ளி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். நத்தை மேல் நேராக உப்பைத் தூவும் பழக்கம் பலருக்கு உண்டு. நத்தை சாகும், சரி, ஆனால் அந்த உப்பு தொட்டி மண்ணில் தங்கிச் செடியையும் சேர்த்து வாட்டிவிடும்.

ராத்திரி முழிக்க முடியாதவர்கள் நத்தையை ஓர் இடத்துக்கு வரவழைக்கலாம். நனைத்த கோணிச்சாக்கை நான்காக மடித்து, உள்ளே பப்பாளி இலையோ முட்டைகோஸின் மேல் இலையோ வைத்து, பாத்தி ஓரத்தில் சாயங்காலமே போட்டுவிடுங்கள். விடிந்ததும் பிரித்தால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், அப்படியே வாளியில் தட்டிவிடலாம். வெயில் ஏறுவதற்குள் பிரிக்க வேண்டும், சாக்கு காய்ந்தால் வேறு இடம் தேடிப் போய்விடும். ஓடில்லாத நத்தைக்கு வெல்லத் தண்ணீரில் கொஞ்சம் ஈஸ்ட் கலந்து, சின்னக் கிண்ணத்தில் ஊற்றி மண் மட்டத்துக்குப் பதித்து வையுங்கள். புளித்த வாசனைக்கு வந்து விழும்.

முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவினால் வராது என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி 2018-ல் வெளியிட்ட சோதனையில் முட்டை ஓடு, செம்புப் பட்டை, மரப்பட்டைத் தூள் எல்லாவற்றையும் லெட்யூஸ் கீரைச் செடிகளைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள், எதுவும் போடாத செடிக்கும் இவற்றுக்கும் சேதத்தில் வித்தியாசமே இல்லை. நம் ராட்சத நத்தையோ ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று சுவரையே சுரண்டித் தின்கிற ஜாதி, அதற்குப் போய் முட்டை ஓட்டால் வேலி! சாம்பல் காய்ந்திருக்கும்வரை கொஞ்சம் தடுக்கும், ஒரு தூறல் விழுந்தால் போச்சு.

அதற்குப் பதில் நாற்றை மட்டும் காப்பாற்றுங்கள். தண்ணீர் பாட்டிலின் அடியையும் கழுத்தையும் வெட்டி, அந்த வளையத்தை நாற்றைச் சுற்றி மண்ணில் அழுத்திச் செருகுங்கள். தாண்டி ஏறவே முடியாது என்று சொல்லமாட்டேன், ஆனால் ஓடில்லாத நத்தையும் குட்டி நத்தையும் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு போய்விடும். தண்டு தடித்ததும் வளையத்தை எடுத்துவிடலாம்.

பூச்சிமருந்துக் கடையில் தரும், நத்தையைக் கொல்லும் மெட்டால்டிஹைடு குருணையை வீட்டில் நாய், பூனை, குழந்தை இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள், தின்ற நாய் வலிப்பு வந்து செத்துப்போகலாம். இரும்பு பாஸ்பேட் குருணை கிடைத்தால் ஆபத்து குறைவு, ஆனால் அதையும் குவியலாகக் கொட்டாமல் அங்கங்கே தூவ வேண்டும். செம்போத்து தோட்டத்துக்கு வந்தால் விரட்டாதீர்கள், நத்தையைத் தின்னும் பறவை அது.

கடைசியாக ஒன்று, நர்சரியிலிருந்து வாங்கிவரும் செடியை நேராகத் தோட்டத்தில் வைக்காதீர்கள். கவரைக் கிழித்து வேர் மண்ணைச் சுற்றிப் பாருங்கள், முட்டையும் குட்டியும் பெரும்பாலும் அந்த மண்ணோடுதான் வீட்டுக்குள் வருகின்றன.