பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால்: மைதானத்தில் இருந்து வீடு, வீட்டில் இருந்து திரும்ப மைதானம்

என் மருமகனுக்கு 15 வயது. பின்னேரம் பந்தடிக்கப் போனவன் தலையால் அடிக்க எழும்பியபோது மற்றப் பெடியனின் தலையோடு மோதி விழுந்துவிட்டான். உடனே எழும்பினான், மயங்கவில்லை, இரத்தமும் இல்லை, அதனால் ஆட்டம் முடியும்வரை விளையாட விட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "மாமா, என்ர சைக்கிளை ஆர் கொண்டுவந்தது?" என்று கேட்டான். நீதானே ஓடிவந்தாய் என்றேன். இரண்டு நிமிடம் போகவில்லை, அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டான்.

இதைத்தான் டொக்டர்மார் கன்கஷன் என்கிறார்கள், தமிழில் மூளை அதிர்வு. அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை, எங்கள் ஆட்கள் ஏமாறுவதும் அங்கேதான். தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, பேச்சில் மந்தம், காரணமில்லாத எரிச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். சில நேரம் அடிபட்டுப் பல மணித்தியாலம் கழித்தும் வரும்.

மைதானத்திலேயே கேட்டுப் பார்க்க நல்ல கேள்விகள் உண்டு. அவுஸ்திரேலியாவின் மடொக்ஸ் என்பவர் 1990களில் அந்நாட்டு விதிக் காற்பந்து (ஓஸி ரூல்ஸ்) வீரர்களை வைத்துச் சோதித்த கேள்விகளில் இருந்து வந்த ஐந்து: இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி நடக்கிறது, கடைசியாக ஆர் கோல் போட்டது, போன மட்ச் ஆரோடு, அதில் வென்றோமா? பெயரையும் வயதையும் கேட்டால் குழம்பியவனும் சரியாகச் சொல்லிவிடுவான். அவன் ஐந்துக்கும் சரியாகச் சொன்னாலும் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்கள் மோதும் 'வடக்கின் பெரும் சமர்' மட்சாக இருந்தாலும் சரி. அமெரிக்காவில் 69 இளம் வீரர்களை வைத்துச் செய்து 2016இல் வந்த ஆய்வு ஒன்றில், உடனே வெளியே வந்தவர்கள் சராசரியாக 22 நாளில் தேறினார்கள், தொடர்ந்து விளையாடியவர்களுக்கு 44 நாள் பிடித்தது. அதை வாசித்தபோது எங்கள் பெடியன் விளையாடித் தீர்த்த அந்த மீதி நேரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சில அறிகுறிகளுக்கு யோசித்துக்கொண்டு இருக்கக் கூடாது. திரும்பத் திரும்பச் சத்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலையிடி, கை கால் விறைப்பு அல்லது பலவீனம், கண்மணி ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருத்தல், மூக்கால் காதால் தண்ணீர்போல் வடிதல், எழுப்ப முடியாத நித்திரை, கடுமையான கழுத்து வலி. இதில் எது கண்டாலும் இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி ஓட்டோவில் போடாதீர்கள், அசைக்காமல் வைத்திருங்கள். கிணற்றடியில் வழுக்கி விழுந்த அம்மம்மாவுக்கு 65 தாண்டியிருந்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் போன்ற குளிசை குடிப்பவராக இருந்தாலோ, ஒரு அறிகுறியும் இல்லாவிட்டாலும் காட்டியே ஆகவேண்டும்.

ஸ்கானைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சீ.டி. ஸ்கான் பார்ப்பது இரத்தக்கசிவையும் எலும்பு வெடிப்பையும். கன்கஷனில் குழம்புவது மூளைக் கலங்களின் வேலை, அது அந்தப் படத்தில் விழாது. ஆகவே 'ஸ்கான் கிளியர்' என்றால் சத்திரசிகிச்சை தேவைப்படும் ஆபத்து இல்லை என்றுதான் அர்த்தம், நாளைக்கே விளையாடலாம் என்று இல்லை.

வீட்டில் முதல் 48 மணித்தியாலம்: ஒருவர் கூடவே இருக்கவேண்டும். டொக்டர் பார்த்து வீட்டுக்கு விட்டபிறகு பிள்ளையை நித்திரை கொள்ள விடுங்கள், இரவிரவாக மணிக்கொருதரம் எழுப்பத் தேவையில்லை. வலிக்குப் பனடோல் போதும், அஸ்பிரினும் இபுபுரூபனும் இந்த நேரத்தில் வேண்டாம். வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். போனை வாங்கி வையுங்கள், சண்டை வரும், பரவாயில்லை: 2021இல் வந்த ஆய்வில் முதல் இரண்டு நாள் திரை பார்க்காதவர்களுக்கு அறிகுறிகள் மூன்றரை நாளளவில் நின்றன, பார்த்தவர்களுக்கு எட்டு நாள் எடுத்தது.

முன்பெல்லாம் இருட்டறையில் கிழமைக்கணக்கில் கிடத்துவார்கள். அது பிழை என்று இப்போது தெரியும். ஐந்து நாள் கடும் ஓய்வில் வைத்த பிள்ளைகளுக்குத்தான் அறிகுறிகள் கூட இருந்தன என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜோன் லெடி குழு 2019இல் 103 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அடிபட்ட சில நாட்களிலேயே அளவோடு உடற்பயிற்சி தொடங்கியவர்கள் 13 நாளில் தேறினார்கள், கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாளில். நாங்கள் செய்தது இதுதான்: மூன்றாம் நாள் வெயில் தாழ்ந்தபிறகு ஒழுங்கை முடிவுவரை நடை. போகுமுன் "தலையிடி பத்துக்கு எத்தனை?" என்று கேட்பேன். இரண்டு என்பான். நடுவில் மூன்று நாலு ஆனால் பரவாயில்லை. அதைத் தாண்டினாலோ, ஒரு மணித்தியாலம் கழித்தும் இறங்காவிட்டாலோ அடுத்த நாள் தூரத்தைக் குறைப்பேன். விழக்கூடாது என்பதால் சைக்கிளைத் தொடவிடவில்லை. கோயில் லவுட்ஸ்பீக்கர் பாடத் தொடங்கினால் மற்றப் பக்கத்து அறைக்கு மாறுவான்.

படிப்புத்தான் முதல், பந்து பிறகு. அரைநாள் பள்ளிக்கூடம், இடையிடையே ஓய்வு, காலை ஆறு மணி டியூஷனைக் கொஞ்ச நாள் நிறுத்தியே ஆகவேண்டும். ஓ.எல். பரீட்சை வருகிறதென்று அக்கா அழுதாள், ஆனால் எழுத்துகள் ஆடும் கண்ணோடு கணக்குச் செய்ய அவனால் எப்படி முடியும்? ஆசிரியரிடம் நேரே போய்க் கதையுங்கள்.

விளையாட்டுக்குத் திரும்புவது ஆறு படி: அன்றாட வேலை, நடை, ஓட்டம், மோதலில்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, கடைசியாக மட்ச். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள். ஓடும்போதும் ஓடியபிறகும் ஒரு அறிகுறியும் இல்லை என்றால்தான் நாலாம் படி, டொக்டரும் சரி என்றால்தான் ஐந்தாம் படி. ஒரு மாதம் தாண்டியும் தலைச்சுற்றோ கழுத்து வலியோ விடவில்லை என்றால் பிள்ளை நடிக்கிறான் என்று நினைக்காதீர்கள். கழுத்துக்கும் உடற்சமநிலைக்கும் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பயிற்சிகள் இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன, திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.