அம்மாவின் கால் வீக்கமும் காலைப் பட்டாணியும்

மியான்மரின் யாங்கோனில் தனியாக இருந்த அம்மா, பல் போன பிறகு கஞ்சியும் ரசமும் மட்டுமே சாப்பிட்டு வந்தார். கால் வீங்கியது. கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த குழி உடனே மேலே வரவில்லை.

இப்படி இருந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள். இதயம், சிறுநீரகம், ஈரல் கெட்டாலும் கால் வீங்கும். ரத்தமும் சிறுநீரும் பார்த்தால்தான் தெரியும். அம்மாவுக்கு அல்புமின் குறைவு. ஈரல் உண்டாக்கும் இந்தப் புரதம்தான் ரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கிறது; அது குறைந்தால் நீர் வெளியே கசியும். சாப்பாட்டில் புரதம் போதாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைக்கும். அம்மாவின் தோள் மெலிந்ததையும் முடி கொட்டியதையும் வயது என்று நினைத்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ என்றால் நாளுக்கு 40 கிராம். முதியவருக்குக் கொஞ்சம் கூடுதல் நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம்தான், அதனால் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். காலையில் தெருவில் விற்கும் வேகவைத்த பட்டாணியை நன்றாக மசித்து, குழைந்த சோற்றோடு பிசையுங்கள். அரிசியில் குறைவான லைசின் என்ற புரதக் கூறு பட்டாணியில் தாராளம். மதியம் முள் எடுத்த மீன். அப்புறம் மாலையில் ஷான் தோஃபு: கடலை மாவில் கிளறியது, மெல்லப் பல் வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் அளவை டாக்டரே சொல்லட்டும்.