மூடியிருக்கும் கதவைத்தான் முதலில் தொடுவார்கள்

போன வாரம் ஒரு பையன், வீட்டை போனிலேயே நடந்து சுற்றிப் பார்ப்பதற்காகத் தான் எடுத்த விர்ச்சுவல் டூரின் லிங்க்கை அனுப்பி, “அண்ணா, பார்த்துச் சொல்லுங்க” என்றான். பெரும்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். படம் பளிச்சென்று இருந்தது. ஹாலில் நின்று இடது பக்கம் திரும்பினால் ஒரு கதவு. மூடியிருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே வேலை!

வெளிச்சம் போதாதது, கேமரா சாய்ந்தது, சிங்க்கில் கிடக்கும் எச்சில் பாத்திரம் இதெல்லாம் நான்கு வீடு எடுத்தால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன். தானாகச் சரியாகாத தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

ஓர் அறையை விட்டுவிடுவது

மடிப்பாக்கத்தில் ஒரு மேல்மாடி ஃபிளாட். வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர். “அந்த ரூம் வேணாம் தம்பி, சாமான் போட்டு வெச்சிருக்கோம்” என்றார். எனக்கும் வேலை குறைந்தது. கதவைச் சாத்திவிட்டு மற்றதை எடுத்தேன். கதவில் ஒரு முருகன் காலண்டர், கீழே பழைய பேப்பர் கட்டு.

வாங்க நினைத்தவர் ஷார்ஜாவில் இருந்தார். ராத்திரி மனைவியோடு உட்கார்ந்து டூரைப் பார்த்திருக்கிறார். அந்தக் கதவைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். திறக்கவில்லை. மறுநாள் காலை புரோக்கருக்கு போன்: “அந்த ரூம்ல என்ன சார்? ஓதமா?” மேலே மொட்டை மாடி என்பதால், ஒழுகுகிறது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

தாம்பரத்திலிருந்து அவருடைய மச்சான் ஒரு கொத்தனாரோடு வந்தார். உள்ளே இரண்டு கட்டில், கொலுப்படி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி. கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்றார். ஆனாலும் விழுந்த சந்தேகம் போகவில்லை. அந்த வாரமே வர வேண்டிய டோக்கன் அட்வான்ஸ் ஒரு மாசம் இழுத்தது. வீட்டுக்காரர் கடைசியில் 2 லட்சம் குறைத்துக்கொண்டார். எடுக்க வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர் என்னிடம், “தொழில் தெரிஞ்சவன் நீதானேப்பா, நீ சொல்லியிருக்க வேணாமா?” என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

போட்டோவில் இந்தத் தொல்லை இல்லை. பத்துப் படம் போட்டால், பதினொன்றாவது ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. டூரில் பார்க்கிறவர் நடக்கிறார். எதிரே கதவு இருந்தால் கை அங்கேதான் போகும். திறக்காவிட்டால், தனக்கு எது பயமோ அதை உள்ளே வைத்துவிடுவார்.

சாமான் அடைந்த அறையா? கடைசியாக எடுங்கள். எடுத்து முடித்த அறைக்குச் சாமானை மாற்றிவிட்டு எடுக்கலாம். இரண்டு பேர் இருந்தால் அரை மணி வேலை. ஒன்று கவனம்: அந்த நேரத்தில், சாமான் போன அறை திறந்த கதவு வழியாகத் தெரியக் கூடாது. என் டூர் ஒன்றில் ஒரே கட்டில் இரண்டு அறையில் கிடக்கிறது. படுக்கையில் முடியாதவர் இருந்தால் கேமராவோடு உள்ளே போக வேண்டாம். நேரில் பார்க்கலாம் என்ற குறிப்போடு அறையின் நீள அகலத்தைக் கதவின் மேலேயே போடுங்கள். நிஜமாகவே ஓதம் இருந்தால் அதையும் காட்டுங்கள். வந்து பார்க்கும்போது தெரியத்தானே போகிறது?

குறுகலான நடைவழியில் கேமராவைத் திருப்பாமல் வைப்பது

சுற்றிலும் ஒரே நேரத்தில் படம் எடுக்கும் சாதாரண 360 கேமராவில் முன்னும் பின்னுமாக இரண்டு லென்ஸ். இரண்டு படமும் சேரும் கோடு பக்கவாட்டில் விழும். அந்தக் கோடு அருகிலுள்ள கதவு நிலைக்கு நேரே வந்தால் நிலை உடைந்து தெரியும். ஒரு லென்ஸ் நிலையை நேராகப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள்.

ஓடும் ஃபேன்

அணையுங்கள்.

அளவைப் படமே சொல்லிவிடும் என்று நம்புவது

சொல்லாது. 10க்கு 10 அறைகூட 360இல் கல்யாண மண்டபம் மாதிரி விரியும். நேரில் வந்தவர் வாசலிலேயே முகம் சுளிப்பார். ஒவ்வோர் அறைக்கும் அளவு போடுங்கள். மொத்தப் பரப்பு என்றால் கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பைச் சொல்லுங்கள். 2016ஆம் வருஷத்து ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி அதில் உள்சுவர்கள் சேரும்; வெளிச்சுவர், பால்கனி, மொட்டை மாடி சேராது. படிக்கட்டு, லிஃப்ட் பங்கையெல்லாம் ஏற்றிய சூப்பர் பில்டப் கணக்கைப் போட்டால், டூரில் பார்த்த வீடு எங்கே என்று கேட்பார்கள்.

வடக்கு எது?

டூரோடு போடும் வீட்டு வரைபடத்தில் ஓர் அம்புக்குறி போதும். இல்லாவிட்டால் அடுப்பு அக்னி மூலையில்தானா என்று நாள் முழுக்க போன் வரும்.

பின்னணி இசை

வேண்டாம்.

விற்ற பிறகும் ஓடும் லிங்க்

360இல் எதுவும் தப்பாது: பீரோவில் தொங்கும் சாவி, ஜன்னல் கம்பி இருக்கிறதா இல்லையா, பின்கதவுத் தாழ்ப்பாள் எல்லாம். வீடு கைமாறிய அன்றே லிங்க்கை எடுத்துவிட வேண்டும். மடிப்பாக்கம் டூரை நான் மறந்தே போனேன். ஒரு வருஷம் கழித்து அதே ஷார்ஜாக்காரர் கூப்பிட்டார், குடிவந்த வீட்டிலிருந்து. “சார், எங்க வீட்டுக் கதவு உங்க லிங்க்ல இன்னும் சாத்தியே இருக்கு.”