சாஹேல்ல நிலம், தண்ணி, மாடு: தனித்தனியா பாக்குற தப்பு

வறண்ட பூமின்னா எல்லாருக்கும் மொதல்ல தோணுறது போர் கிணறு போடணும்னுதான். சஹாராவுக்கு தெக்கால, செனகல்ல இருந்து சூடான் வரைக்கும் போற சாஹேல் பட்டைல இந்த நெனப்பே பெரிய சேதத்துல கொண்டு விட்டுச்சு. செனகல்ல ஃபெர்லோன்னு ஒரு மேய்ச்சல் பகுதி, முன்னாடியெல்லாம் மழைக்குட்டை வத்தினதும் ஃபுலானி மக்கள் மாட்டை ஓட்டிக்கிட்டு செனகல் ஆத்துப் பக்கம் போயிடுவாங்க, அவங்க திரும்பி வர்றதுக்குள்ள புல்லுக்கும் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும். 1950கள்ல அங்க ஆழமான போர் போட்டாங்க. வருஷம் பூரா தண்ணி இருந்தா மந்தை எதுக்கு கெளம்பும், அங்கயே நின்னுச்சு, போரைச் சுத்தி புல்லே இல்லாம மொட்டையா போச்சு. 1968ல இருந்து 1973 வரைக்கும் வறட்சி அடிச்சப்போ சாஹேல்ல இந்த மாதிரி போர் பக்கத்துல செத்த மாடுங்க தாகத்துல சாகல, பசியில செத்துச்சு. அதனால தண்ணி எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு பாக்குறதுக்கு முன்னாடி, அங்க இருக்குற புல் எத்தனை மாட்டுக்கு எத்தனை மாசம் தாங்கும், குட்டையில தண்ணி இருக்குற மழைக்காலத்துல அந்த போரை யாரு மூடி வைக்கிறதுன்னு பேசி முடிச்சிடணும்.

மேய்க்கிறவங்க ஊர் ஊரா அலையுறாங்க, ஒரே எடத்துல குடியமர்த்துவோம்னு நெனைக்கிறதும் தப்புதாங்க. மழை எங்க பெய்யுதோ அங்க போறதுதான் அவங்க பொழைப்பே. அறுவடை முடிஞ்ச கம்பங்காட்டுல கிடை போட்டா மாட்டுக்கு தட்டை, காட்டுக்கு எரு. மந்தை போற தடத்தையும் சேத்து உழுதுட்டா அப்புறம் சண்டைதான். நைஜர்ல 2010ல வந்த மேய்ச்சல் சட்டம் இப்படி எடம் மாறிப் போறத அவங்க உரிமைன்னே சொல்லுது.

அப்புறம், சீக்கிரம் பச்சையாகணும்னு எந்த மரம் கெடைச்சாலும் நடுறது. கென்யாவோட பரிங்கோல 1980கள்ல சீமைக்கருவேலத்தை கொண்டு வந்தாங்க, நம்மூர்க்காரங்களுக்கு மிச்சத்தை சொல்லவே வேணாம். அங்க மேய்ச்சல் நெலத்தையே அது மூடிருச்சு, காயைத் தின்னு தின்னு ஆடுகளுக்கு பல்லு போயி மக்கள் கோர்ட்டு வரைக்கும் போனாங்க.

இத்தனைக்கும் பல எடத்துல புதுசா நடவே வேண்டியதில்ல. நைஜர்ல மராடி பக்கம் நட்ட கன்னுங்கள்ல பெரும்பாலும் காஞ்சு போச்சு, ஆனா காட்டை சுத்தம் பண்றப்போ வருஷா வருஷம் வெட்டி எறிஞ்ச பழைய மரத்தோட வேர் மண்ணுக்குள்ள உசுரோடதான் இருந்துச்சு. 1980கள்ல இருந்து விவசாயிங்க அந்த வேர்ல இருந்து வர்ற துளிரை வெட்டாம விட ஆரம்பிச்சு இப்போ சுமார் 50 லட்சம் ஹெக்டேர்ல மரம் நிக்குது. அதுல காவோன்னு ஒரு மரம் மழைக்காலத்துல எலையை உதிர்த்துடும், கம்புக்கு நெழலே விழாது, கோடையில தழைச்சு காய் கொட்டும், அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. முன்னாடி மரமெல்லாம் அரசாங்கத்து சொத்துன்னு சட்டம் இருந்ததால எவனும் துளிரை காப்பாத்தல, தான் வளத்தா தனக்குன்னு நம்பிக்கை வந்த பிறகுதான் ஒவ்வொரு கட்டையிலயும் நல்ல துளிரா நாலஞ்சை விட்டுட்டு மிச்சத்தை கழிச்சு விறகுக்கு எடுத்துக்குறாங்க.