சிறுநீர் ரிப்போர்ட்டில் ‘கிரிஸ்டல்ஸ்’ என்று வந்தால் எப்படிப் படிப்பது?

“கால்சியம் ஆக்சலேட் கிரிஸ்டல்ஸ்: பிரசென்ட்.” அதாவது, சிறுநீரில் இந்த உப்பின் படிகங்கள் இருக்கின்றன. என் ரிப்போர்ட்டில் இந்த வரியைப் பார்த்த அன்று இரவு நான் தூங்கவில்லை. சிறுநீரகக் கல்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடி பரிசோதித்தபோது ஒன்றுமே இல்லை. அதே பயத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: சாம்பிள் எப்போது எடுத்தது?

நான் தவறியது இங்கேதான். இரவே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை பத்து மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிறுநீரில் கரைந்திருக்கும் உப்புகள் குளிர்ந்தால் படிகமாக வெளியே வந்துவிடும், சர்க்கரைப் பாகு ஆறியதும் பூத்துப்போவது மாதிரி. வெளியிலேயே வைத்திருந்தாலும் சிக்கல்தான். கிருமி பெருகிக் காரத்தன்மை ஏறும், அப்போது பாஸ்பேட் படிகங்கள் உருவாகும். அதாவது, உடம்புக்குள் இல்லாத படிகம் டப்பாவுக்குள் பிறந்திருக்கலாம்.

அதனால் லேபிலேயே எடுத்துக் கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். 2 மணி நேரத்துக்குள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

படி 2: எந்தப் படிகம்?

கால்சியம் ஆக்சலேட், யூரிக் ஆசிட் இரண்டும் ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். ‘அமார்ஃபஸ்’ (குறிப்பிட்ட வடிவமில்லாத துகள்கள்) என்று போட்டிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ‘டிரிபிள் பாஸ்பேட்’ படிகமும் ‘பஸ் செல்’ எனப்படும் சீழ் அணுக்களும் சேர்ந்து வந்தால் கிருமித்தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிஸ்டைன் மட்டும் வேறு கதை. அறுகோண வடிவில் இருக்கும். கொஞ்சமே தெரிந்தாலும் அது இயல்பானதல்ல, பரம்பரைக் கோளாறின் அடையாளம். டைரோசின், லியூசின் அபூர்வம். வந்தால் கல்லீரலைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். சல்ஃபா, அசைக்ளோவிர் போன்ற மருந்துகளும் படிகமாகும். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 3: பக்கத்து வரிகள்

படிகத்தை மட்டும் தனியாகப் பார்க்கக் கூடாது. ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (சிறுநீரின் அடர்த்தியைக் காட்டும் எண்) 1.025-க்கு மேல் என்றால் சிறுநீர் அடர்த்தியாக இருந்திருக்கிறது, தண்ணீர் போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு, குறைந்தால் அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இருந்தால் யூரிக் ஆசிட் எளிதில் படியும். படிகத்தோடு ரத்த அணுக்களும் இருந்து, விலாவுக்குக் கீழே வலியும் இருந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். வலியோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

படி 4: தண்ணீர், உப்பு

ஏற்கெனவே கல் வந்தவர்களுக்கு ஒரு நாளில் 2.5 லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குக் குடிக்கச் சொல்கிறார்கள். இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கணக்கு வைக்க மொபைல் ஆப்களை விட அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் பாட்டில்தான் எனக்குப் பிடிக்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும். வீட்டில் பி.எச். ஸ்டிரிப் வாங்கிப் பார்ப்பது, டாக்டர் சொல்லாதவரை தேவையில்லை என்பேன்.

உப்பைக் குறையுங்கள். ஆனால் கால்சியம் என்ற பெயரைப் பார்த்துப் பாலை நிறுத்திவிடாதீர்கள். உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். அது குறைந்தால் ஆக்சலேட் அதிகமாகச் சிறுநீருக்கு வரும்.

பின்சேர்க்கை: வைட்டமின் சி மாத்திரை எடுப்பதாக ஒருவர் கேட்டிருந்தார். அதிக அளவில் எடுத்தால் அதில் ஒரு பகுதி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொருவருக்கு ரிப்போர்ட்டில் படிகமே இல்லை, ஸ்கேனில் கல் இருந்திருக்கிறது. அப்படியும் நடக்கும். வலி இருந்தால், ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறதே என்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.