0.5, 0.50, 0.500: சமான தசமங்களில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

0.5, 0.50, 0.500 மூன்றுக்கும் ஒரே மதிப்புதான். சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் "கடைசியில் பூஜ்ஜியம் போட்டால் மதிப்பு மாறாது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால், அந்த வரியே பல தவறுகளுக்கு வழிவிடும். மற்ற இலக்கங்கள் அதே இடத்தில் இருக்கின்றனவா, நகர்ந்துவிட்டனவா என்று பார்க்கப் பழக்குவதுதான் முக்கியம்.

பெரும்பாலான குழப்பம் வாசிப்பதிலேயே தொடங்குகிறது. 0.50-ஐ "புள்ளி ஐம்பது" என்று வாசிக்கும் பிள்ளைக்கு, 0.5-ஐவிட அது பெரியதாகத் தோன்றுவது இயல்பு. ஐம்பது ஐந்தைவிடப் பெரியதுதானே! அதே வழியில் போய் 0.35 என்பது 0.4-ஐவிடப் பெரியது என்றும் முடிவுகட்டிவிடும். "பூஜ்ஜியம் புள்ளி ஐந்து பூஜ்ஜியம்" என்று இலக்கம் இலக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு கட்டத்தாளில் பத்துக்குப் பத்து என்று நூறு கட்டங்கள் உள்ள சதுரம் ஒன்றை வரைந்து, ஐந்து முழு வரிசைகளுக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். பத்து வரிசைகளில் ஐந்து, அதாவது 5/10. கட்டங்களை எண்ணினால் நூறில் ஐம்பது, அதாவது 50/100. வண்ணம் தீட்டிய பரப்பு ஒன்றுதான், எண்ணிய அலகு மட்டுமே வேறு. 5/10-இன் மேலேயும் கீழேயும் 10-ஆல் பெருக்கினால் 50/100 வருவதன் பொருளும் இதுதான். இந்தப் படத்தை அவசரப்படாமல் பிள்ளையே வரைந்து பார்க்கட்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "நூறில் ஒன்று, பத்தில் ஒன்றைவிடச் சிறியது, அதனால் 0.25, 0.2-ஐவிடச் சிறியது" என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். முதல் பாதி சரி, முடிவுதான் தவறு. 0.2-ஐ 0.20 என்று எழுதிவிட்டால் 20-க்கும் 25-க்கும் நடக்கும் ஒப்பீடாகிவிடும். சமான தசமம் உண்மையில் உதவும் இடம் இது.

அடுத்தது, நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்தை நீக்குவது. இதைத்தான் மிக மோசமான தவறு என்பேன், ஏனென்றால் கற்றுக்கொண்ட விதியை நம்பியே பிள்ளை இதைச் செய்கிறது. 0.405-இல் பூஜ்ஜியத்தை எடுத்தால் 5 ஆயிரத்தில் ஒன்றாம் இடத்திலிருந்து நூறில் ஒன்றாம் இடத்துக்குத் தாவி, எண் 0.45 ஆகிவிடும். 0.450, 0.405 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் வித்தியாசம் கண்ணில் படும். 1585-இல் தசம முறையை ஐரோப்பாவில் பரப்பிய சைமன் ஸ்டெவின், ஒவ்வோர் இலக்கத்தோடும் அதன் இடத்தைக் காட்டும் எண்ணை ஒரு வட்டத்துக்குள் எழுதினார். தடுமாறும் பிள்ளைக்கு அதே உத்தி இன்றும் உதவும்: இலக்கங்களின் மேலே 'பத்தில்', 'நூறில்', 'ஆயிரத்தில்' என்று சிறிதாக எழுதச் சொல்லலாம்.

முழு எண்ணிலும் கவனம் வேண்டும். 7-ஐ 7.0 என்றோ 7.00 என்றோ எழுதலாம், 0.7 என்று எழுதக் கூடாது. 30.0-இல் புள்ளிக்குப் பின்னால் உள்ள பூஜ்ஜியம் போகலாம். முன்னால் உள்ளது போனால் முப்பது மூன்றாகிவிடும்.

கூட்டலில் இந்தப் புரிதல் உடனே சோதனைக்கு வரும். 3.5 + 0.25-ஐ முழு எண்களைப்போல வலது ஓரம் சேர்த்து எழுதினால், பத்தில் ஒன்றும் நூறில் ஒன்றும் கலந்துவிடும். 3.50 + 0.25 என்று எழுதி, புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வைத்தால் 3.75 தானாக வரும்.

நேரக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 1.5 மணி நேரத்தை 1.50 மணி நேரம் என்று எழுதுவது சரி. அதை 1 மணி 50 நிமிடம் என்று படிப்பது தவறு. ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பதால் அது 1 மணி 30 நிமிடம்.

பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்க்க 6.4, 6.40, 6.04, 06.4, 6.400 ஆகியவற்றைக் கொடுத்து, சேராத ஒன்றைக் கேளுங்கள். 6.04 என்று பதில் வந்ததும் நிறுத்திவிடாமல், 4 எந்த இடத்துக்குப் போனது என்றும் கேளுங்கள்.