சிங்கப்பூரில் அமைதியான, வாடகை குறைந்த வீடு தேட

வேலை கிடைத்ததும் எல்லோரும் லிட்டில் இந்தியா பக்கம்தான் முதலில் தேடுவார்கள், ஆனால் அங்கே வாடகையும் அதிகம், வார இறுதிக் கூட்டமும் அதிகம். உட்லண்ட்ஸ், ஈசூன், சுவா சூ காங் மாதிரி வடக்கு, வடமேற்குப் பக்கம் போனால் எச்டிபி (அரசு வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடி வீடுகளில் அறைகள் பொதுவாகக் குறைந்த வாடகையில் கிடைக்கும். ஒவ்வொரு வட்டாரத்திலும் வீட்டு வாடகை எவ்வளவு என்று எச்டிபி காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது, அதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

சத்தம்தான் பெரிய விஷயம். ஈசூன் பக்கம் எம்ஆர்டி ரயில் தரைக்கு மேலே ஓடுகிறது, தண்டவாளத்தைப் பார்த்த ஜன்னல் என்றால் அதிகாலையிலிருந்து நள்ளிரவு வரை ரயில் சத்தம் கேட்கும். கீழே காப்பிக்கடை இருந்தால் சாப்பாட்டுக்கு வசதி, தூக்கத்துக்கு இல்லை. அதனால் அறையைப் பகலில் பார்த்தாலும், இரவு பத்து மணிக்கு இன்னொரு முறை போய் ஜன்னலைத் திறந்துவைத்து நில்லுங்கள்.

சமைக்க விடுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள், 'லேசான சமையல்' என்றால் பலருக்கு நூடுல்ஸ்தான், நம் தாளிப்பு அதில் சேராது. அப்புறம், எச்டிபி வீட்டில் குறைந்தது 6 மாத ஒப்பந்தம் வேண்டும். வீட்டு முகவரின் பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.